பழுது ஒட்டில்தான்

அப்பா ரேடியோ திருத்த உட்கார்ந்தால் முதலில் கையில் எடுப்பது ஒரு ஈர்க்கு. விளக்குமாற்றிலிருந்து உருவிய, நன்றாகக் காய்ந்த, சாண் நீள ஈர்க்கு. பின்மூடியைக் கழற்றி, ரேடியோவை ஓடவிட்டு, உள்ளே ஈயம் வைத்த ஒவ்வொரு இடத்தையும் ஈர்க்கு நுனியால் மெல்லத் தட்டிக்கொண்டே போவார். காது ஸ்பீக்கரில் இருக்கும். ஏதோ ஓரிடத்தில் தட்டும்போது 'கர்ர்' என்று சத்தம் வரும், இல்லாவிட்டால் செத்துக் கிடந்த பாட்டு ஒரு நொடி உயிர்த்து மறுபடி அடங்கும். அந்த இடம்தான். ஈயம் உருக்கும் அயன் சூடேறும், பழைய ஈயம் இளகும், பளபளவென்று புது ஈயம் இறங்கும், பாட்டு நிற்காமல் ஓடும்.

எங்கள் கடை திருகோணமலையில், டச் பே கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காத ஊர். செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு பூக்கும், ஈயம் சாம்பல் படியும், கண்ணுக்கு ஒட்டியது போலவே இருக்கும், ஆனால் மின் ஏறாது. இரவு பி.பி.சி. தமிழோசை கேட்கிற நேரம் பார்த்து ரேடியோ படுத்துவிட்டதென்று ஓடி வருபவர்கள், "ட்ரான்சிஸ்டர் எரிஞ்சு போச்சோ?" என்றுதான் கேட்பார்கள். அப்பா தலையை ஆட்டுவார். "சாமான் நல்லாத்தான் இருக்கு. பழுது ஒட்டில." நாளைக்கு நாலு தடவையாவது அதைச் சொல்லியிருப்பார்.

நான் இப்போது உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். ஒருநாள் இருவாயி (டயோட்) பாடம் முடிந்து கொப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி வந்து கேட்டாள். "டீச்சர், ஒரேயொரு மூலக்கூறை வைச்சு ட்ரான்சிஸ்டர் செய்திருக்கினமாம். அப்ப சிலிக்கனுக்கு வேலை முடிஞ்சுதா?" எனக்குப் பதில் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அந்த நாளை வர ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. வாசிக்க வாசிக்க அப்பாவின் அந்த ஒற்றை வாக்கியமே திரும்பத் திரும்ப வந்து நின்றது. மூலக்கூறுகளையே மின்சாமான்களாக்கப் பார்க்கும் மூலக்கூறு மின்னணுவியலின் ஐம்பது வருடக் கதை முழுக்க முழுக்க ஒட்டின் கதை. அதை என் மாணவிக்குச் சொன்னது போலவே இங்கேயும் எழுதிப் பார்க்கிறேன்.

அளவிலிருந்து தொடங்குகிறேன். புல்மோட்டைக் கரையில் இல்மனைற்றுக் கறுப்பு மணல் கிடக்கிறதல்லவா, அதில் 0.1 மில்லிமீற்றர் அகலமுள்ள பொடி மணி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பென்சீன் வளையம் ஒன்றின் இரண்டு எதிர் முனைகளிலும் ஒவ்வொரு கந்தக அணுவை மாட்டினால் கிடைக்கும் மூலக்கூறின் நீளம் ஒரு நனோமீற்றருக்கும் குறைவு. அந்த மணலின் குறுக்கே இவற்றை வரிசையாக அடுக்கினால் ஒரு லட்சத்துக்கு மேல் கொள்ளும். இத்தனை சிறிய ஒன்றின் இரண்டு பக்கமும் கம்பி பிடித்து, இடையில் மின்னை ஓடவிட்டு, எவ்வளவு ஓடுகிறது என்று அளக்க வேண்டும். அதுதான் கேள்வி.

அப்பாவிடம் ஒரு பழைய கலீனாக் கல் இருந்தது. ஈயமும் கந்தகமும் சேர்ந்த, சின்னச் சின்னக் கண்ணாடித்துண்டு போல மினுங்கும் கனமான கல். பற்றரி இல்லாமல் ரேடியோ கேட்பது எப்படியென்று எனக்குக் காட்டுவதற்காக அதை வைத்து ஒரு செட் கட்டித் தந்தார். மெல்லிய கம்பி நுனி ஒன்றால் அந்தக் கல்லைத் தொட்டுத் தொட்டு, நல்ல இடம் தேட வேண்டும். பத்து இடத்தில் ஒன்றும் கேட்காது. பதினோராவது இடத்தில் காதுக்குள் யாரோ பேசுவார்கள். மூச்சுவிட்டால் கம்பி நகரும், குரல் போய்விடும். கல் மாறவில்லை, கம்பி மாறவில்லை. கல்லும் கம்பியும் சந்திக்கும் அந்தப் புள்ளிதான் டயோட். இப்படிப்பட்ட கற்கள் மின்னை ஒரு பக்கமாகவே விடும் என்று ஜேர்மனியின் பேர்டினன்ட் பிரவுன் கண்டறிந்தது 1874 இல். கலீனாவை வைத்து வானொலி அலையைப் பிடிக்கும் கருவிக்கு ஜகதீஷ் சந்திரபோஸ் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது 1904 இல்.

பிரவுனின் கல்லுக்குச் சரியாக நூறு வருடம் கழித்து, 1974 இல், ஆரி அவிராம், மார்க் ராட்னர் என்ற இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். அவிராம் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்தவர், ராட்னர் நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். கல்லும் வேண்டாம், சிலிக்கனும் வேண்டாம், ஒரேயொரு மூலக்கூறே டயோடாக வேலை செய்யும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு முனையில் இலத்திரனைச் சுலபமாகக் கொடுக்கும் பகுதி, மறு முனையில் இலத்திரனை ஆசையோடு வாங்கும் பகுதி, நடுவே இரண்டையும் ஒன்றோடொன்று கரையவிடாமல் பிரித்து வைக்கும் ஒரு சின்னப் பாலம். ஒரு திசையில் இலத்திரன் சுலபமாகப் போகும், எதிர்த் திசையில் தயங்கும். ஆய்வுகூடத்தில் ஒன்றையும் செய்து பார்க்காமல், காகிதத்தில் மட்டும் எழுதிய அந்த யோசனைதான் இந்தத் துறைக்குப் பிள்ளையார் சுழி.

அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் அந்த யோசனை காகிதத்திலேயே கிடந்தது. மூலக்கூறு செய்யத் தெரியாமலா? அவர்கள் சொன்ன மாதிரியான மூலக்கூறுகளை இரசாயனவியலாளர்களால் செய்ய முடியும். ஒரு கிராமுக்குள்ளே கோடி கோடியாக, ஒன்றுக்கொன்று அச்சொட்டாக. சிலிக்கன் தொழிற்சாலை எவ்வளவு செலவழித்தாலும் இரண்டு ட்ரான்சிஸ்டர்களை அணுவுக்கு அணு ஒன்றாகச் செய்ய முடியாது. மூலக்கூறு அப்படித்தான் பிறக்கிறது. சாமான் நல்லாத்தான் இருந்தது. அதற்கு ஈயம் வைக்க ஆளில்லை.

1981 இல் சூரிச்சில் கெர்ட் பினிக், ஹைன்ரிச் ரோரர் இருவரும் ஊடுருவல் நுணுக்குக்காட்டியைக் கட்டினார்கள், 1986 இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒரு கூரான ஊசியை உலோகப் பரப்புக்கு ஒரு நனோமீற்றர் கிட்டே கொண்டுபோனால், தொடாமலே இலத்திரன்கள் வெற்றிடத்தைத் தாண்டிப் பாயும். அந்த ஓட்டத்தைப் பார்த்துப் பார்த்து ஊசியை நகர்த்தினால் அணுக்கள் மேடு பள்ளமாகத் தெரியும். அணுவைப் பார்க்க வழி கிடைத்தது. இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும் ஒட்டு இன்னும் மிச்சமிருந்தது.

அந்த ஒட்டைத் தந்தவை இரண்டு: கந்தகமும் தங்கமும்.

வீட்டில் கேஸ் சிலிண்டர் கசிந்தால் மூக்கைத் துளைக்கும் நாற்றம் வருமே, அது சமையல் வாயுவின் சொந்த மணமில்லை. கசிவு தெரியவேண்டும் என்பதற்காகச் சேர்க்கும் தயோல் வகைப் பொருளின் மணம். தயோல் என்றால், நுனியில் கந்தகமும் ஐதரசனும் தொங்கும் மூலக்கூறு. அந்தக் கந்தகத்துக்குத் தங்கத்தின்மேல் அப்படியொரு பிடிப்பு. தங்கப் பரப்பைக் கண்டதும் ஐதரசனை உதறிவிட்டுத் தங்கத்தோடு பிணைந்துகொள்ளும். தங்கமோ களிம்பு பிடிக்காத உலோகம். 'செம்பில் களிம்பு' என்று நம்மவர்கள் உயிரோடு ஒட்டிய அழுக்கைச் சொல்வார்கள், செம்பு இருக்கும்வரை அது போகாது. தங்கத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. இரண்டு முனையிலும் கந்தகம் வைத்த மூலக்கூறு ஒன்றை இரண்டு தங்க நுனிகளுக்கு நடுவே விட்டால், அது தானாகவே தன் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். அயனும் வேண்டாம், ஈயமும் வேண்டாம்.

1997 இல் யேல் பல்கலைக்கழகத்தின் மார்க் ரீட், இரசாயனவியலாளர் ஜேம்ஸ் டூர் ஆகியோரின் குழு இதைச் செய்தது. அவர்கள் செய்த முறை எனக்கு அப்பாவின் கடைமேசையை ஞாபகப்படுத்தியது. வளையக்கூடிய தகடொன்றின் மேல் தங்கக் கம்பி ஒன்றை ஒட்டி, நடுவே ஒரு வெட்டுப் போட்டு, தகட்டைக் கீழிருந்து மெல்ல மெல்லத் தள்ளி வளைக்கிறார்கள். வெட்டுப்பட்ட இடத்தில் கம்பி இழுபட்டு, மெலிந்து, கடைசியில் அறும். அறுந்த இரண்டு நுனிகளையும் நனோமீற்றர் கணக்கில் விலக்கவும் கிட்டவைக்கவும் முடியும். நான் மேலே சொன்ன அந்தப் பென்சீன் மூலக்கூறின் கரைசலில் நுனிகளை ஊறவைத்து, கரைப்பான் ஆவியானதும் அவற்றை மெதுவாகக் கிட்டே கொண்டுவந்தார்கள். மின் ஏறியது. தடை ஏறத்தாழ 22 மெகா ஓம்.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த மூலக்கூறு இதைவிட மிக நன்றாகக் கடத்த வேண்டியிருந்தது. 2004 இல் அரிசோனாவில் இன்னொரு குழு, அதே மூலக்கூறை வேறு முறையில் அளந்தபோது ஒரு மெகா ஓமைச் சற்றே தாண்டிய தடைதான் வந்தது. ஒரே மூலக்கூறு, ஒரே தங்கம், கிட்டத்தட்ட இருபது மடங்கு வித்தியாசம். கந்தகம் தங்கத்தின் எந்த மூலையில் உட்கார்ந்தது, ஒரு தங்க அணுவைப் பிடித்ததா மூன்று அணுக்களுக்கு நடுவே இறங்கியதா, மூலக்கூறு நிமிர்ந்து நின்றதா சாய்ந்து கிடந்ததா என்பதையெல்லாம் பொறுத்து ஓட்டம் மாறுகிறது. இதை வாசித்த இரவு அப்பாவிடம் சொன்னேன். எழுபத்தெட்டு வயதில் காது கொஞ்சம் மந்தம். இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. "ஒரே சாமானுக்கு ரெண்டு ஆள் ரெண்டு அளவு சொன்னா, மீற்றர் முனையை எங்க வைச்சவை எண்டுதான் முதல்ல கேக்க வேணும்" என்றார்.

இந்தத் துறை தலைநிமிர்ந்தது அந்தக் கேள்வியை நேராக எதிர்கொண்டபோதுதான். 2003 இல் பிங்சியாங் ஷூ, நோங்ஜியான் டாவ் இருவரும் ஒரு தடவை அளந்து ஓர் எண்ணைச் சொல்வதையே விட்டுவிட்டார்கள். மூலக்கூறுகள் மிதக்கும் திரவத்துக்குள் தங்கப் பரப்பு, அதற்கு மேலே தங்க ஊசி. ஊசியைப் பரப்பில் குத்துவார்கள், இழுப்பார்கள், மறுபடி குத்துவார்கள். ஆயிரக்கணக்கான தடவை. ஒவ்வொரு இழுப்பிலும் தங்கம் மெலிந்து அறும், அறுந்த இடைவெளியில் சிலவேளை ஒரு மூலக்கூறு மாட்டும், சிலவேளை இரண்டு, பல வேளை ஒன்றுமில்லை. எல்லா அளவுகளையும் ஒரே வரைபில் குவித்துப் பார்த்தால் சில இடங்களில் மட்டும் குன்று எழும்புகிறது. முதல் குன்று ஒரு மூலக்கூறுக்கு, அதன் இரண்டு மடங்கில் இருக்கும் குன்று இரண்டு மூலக்கூறுக்கு. தனித்தனி ஒட்டு எப்படியும் இருக்கட்டும், ஆயிரம் ஒட்டுகள் சேர்ந்து பொய் சொல்லாது.

மூன்று வருடம் கழித்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லதா வெங்கட்ராமனின் குழு ஒட்டையே மாற்றியது. கந்தகத்துக்குப் பதில் நைதரசன் உள்ள அமைன் நுனி. கந்தகத்தை விட அதன் பிடி தளர்ந்தது. ஆனால் அது தங்கத்தின் ஓரத்தில் தனியே நிற்கும் அணுவைத்தான் தேடிப் பிடிக்கும், கண்ட இடத்தில் உட்காராது. அதனால் குன்றுகள் கூர்மையாக, ஒற்றையாக எழுந்தன. இறுக்கமான பிடி சிறந்த ஒட்டு என்றே நான் நினைத்திருந்தேன். இங்கே தளர்ந்த பிடி தெளிவான அளவைத் தந்தது. இத்தனை வாசித்ததில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த இடம் இதுதான்.

ஒட்டு தெளிந்த பிறகுதான் மூலக்கூறு வாய் திறக்கிறது. அதே 2006 இல் அவர்கள் இரண்டு பென்சீன் வளையங்களைக் கோத்த மூலக்கூறுகளின் வரிசை ஒன்றை எடுத்தார்கள். சிலவற்றில் இரண்டு வளையங்களும் ஒரே தளத்தில் படிந்து கிடக்கும், சிலவற்றில் பனையோலையை முறுக்கியது போல ஒன்று மற்றதற்குத் திருகி நிற்கும். முறுக்கு ஏற ஏறக் கடத்துதிறன் விழுந்தது, முறுக்குக் கோணத்தின் கோசைன் வர்க்கத்தைப் பின்பற்றியபடி. உயர்தர வகுப்பில் நாங்கள் பலகையில் எழுதுகிற அந்தக் கோசைன் ஒரேயொரு மூலக்கூறுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

சாதாரணக் கம்பியின் கணக்கும் இங்கே செல்லாது. கம்பி நீளம் இரட்டித்தால் தடை இரட்டிக்கும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். காபனும் ஐதரசனும் மட்டும் சங்கிலியாகக் கோத்த மூலக்கூறில் ஒரு காபனைக் கூட்டினால், ஓட்டம் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகக் குறைகிறது. இன்னொன்று கூட்டினால் அதிலும் மூன்றிலொன்று. இலத்திரன் அந்தச் சங்கிலி வழியே நடந்து போகவில்லை, அலையாக ஊடுருவிப் போகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

அலை என்றால் நிலாவெளிக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. புறாமலைக்குப் படகில் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். வெளிக்கடலிலிருந்து வரும் அலை தீவில் பட்டு இரண்டாகப் பிரிந்து, இரண்டு பக்கமும் சுற்றி, பின்புறம் மறுபடி சந்திக்கும். இரண்டும் ஒன்றாக உயர்ந்தால் பெரிய அலை, ஒன்று ஏறும்போது மற்றது இறங்கினால் தண்ணீர் அமைதியாகக் கிடக்கும். பென்சீன் வளையம் இலத்திரனுக்கு அப்படியொரு தீவு. நேர் எதிர் முனைகளில் ஒட்டினால் இரண்டு பாதைகளும் சம தூரம், மூன்று பிணைப்பும் மூன்று பிணைப்பும். அலைகள் கூடுகின்றன, ஓட்டம் நன்றாக இருக்கிறது. ஓர் ஒட்டை ஒரேயொரு காபன் தள்ளி வைத்தால் ஒரு பாதை இரண்டு பிணைப்பு, மற்றது நான்கு. அலைகள் ஒன்றையொன்று அழித்து ஓட்டம் வெகுவாகக் குறைகிறது. அதே வளையம், அதே அணுக்கள். ஒட்டு ஓர் அணு இடம் மாறியது, அவ்வளவே.

இந்தக் கதையில் வலிக்கிற ஒரு பகுதியும் உண்டு. 2001 ஆம் ஆண்டளவில் பெல் ஆய்வுகூடத்தின் ஜான் ஹென்ட்ரிக் ஷோன் என்ற இளைஞர், ஒற்றை மூலக்கூறு அளவில் ட்ரான்சிஸ்டர் வேலை செய்கிறதென்று கட்டுரைக்கு மேல் கட்டுரையாக வெளியிட்டார். உலகம் கொண்டாடியது. 2002 இல் லிடியா சோன், பால் மக்யூவன் ஆகியோர் அவருடைய வரைபுகளை அருகருகே வைத்துப் பார்த்தபோது, வெவ்வேறு பரிசோதனைகள் என்று சொன்னவற்றில் இரைச்சல் ஒன்றாக இருந்தது. ரேடியோக் கடையில் வளர்ந்தவளுக்கு இதன் பாரம் நன்றாகவே புரியும். ஒரே பாட்டை நூறு தரம் போடலாம். நிலையத்துக்கும் நிலையத்துக்கும் நடுவே வரும் கரகரப்பு ஒரு தரம் வந்த மாதிரி இன்னொரு தரம் வரவே வராது. விசாரணைக் குழு 24 குற்றச்சாட்டுகளில் 16 இல் மோசடி என்று தீர்த்தது. அவர் சொன்னதைத் தாங்களும் செய்து பார்க்கலாம் என்று பல ஆய்வுகூடங்களில் எத்தனையோ பேர் மாதக்கணக்கில் இரவு பகலாக முயன்று, தங்கள் கைதான் சரியில்லை என்று நொந்திருப்பார்கள். அந்த மாணவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

நேர்மையாகச் செய்தவர்கள் நிதானமாக அங்கே வந்து சேர்ந்தார்கள். 2009 இல் மார்க் ரீட்டின் குழுவும் கொரியாவின் ஆய்வாளர்களும், அதே பென்சீன் மூலக்கூறை இரண்டு தங்க நுனிகளுக்கு நடுவே வைத்து, கீழே மூன்றாவது முனையொன்றைக் கொடுத்து, அதன் மின்னழுத்தத்தால் ஓட்டத்தைக் கூட்டிக் குறைத்து, ட்ரான்சிஸ்டராக்கிக் காட்டினார்கள். திரவ ஹீலியத்தின் குளிரில்தான். 2015 இல் கொலம்பியாவில், ஒரு திசையில் ஓடும் ஓட்டம் எதிர்த் திசையைவிட 200 மடங்குக்கு மேல் இருக்கும் ஒற்றை மூலக்கூறு டயோட் வந்தது. அவிராமும் ராட்னரும் சொன்னது போல ஒரு பக்கம் கொடுப்பது, மறு பக்கம் வாங்குவது என்ற மூலக்கூறு இல்லை அது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான, சமச்சீரான மூலக்கூறு. மின்னேற்றம் கொண்ட அணுக்களான அயன்கள் மிதக்கும் திரவத்துக்குள் ஒரு தங்க முனையைச் சிறிதாகவும் மற்றதைப் பெரிதாகவும் திறந்து வைத்தார்கள். ஒட்டைச் சுற்றி இருந்த சூழலின் சமமின்மைதான் அதை டயோட் ஆக்கியது. அதை வாசித்ததும் எழுந்து போய் அப்பாவை எழுப்பலாமா என்று யோசித்தேன். நள்ளிரவு தாண்டியிருந்தது.

சிலிக்கனுக்கு வேலை முடிந்ததா என்ற கேள்விக்கு என் பதில் இல்லை என்பதுதான். ஒரு சிலிக்கன் சில்லுக்குள் கோடிக்கணக்கான சுவிட்சுகள் வருடக்கணக்கில் சூட்டிலும் குளிரிலும் ஒன்று தவறாமல் வேலை செய்ய வேண்டும். தங்க நுனியில் தொங்கும் ஒற்றை மூலக்கூறு அறை வெப்பத்தில் ஆடி அசைந்து சில நொடிகளில் கழன்றுவிடலாம். 'கைக்குள் அடங்கும் மூலக்கூறுக் கணினி' என்று பத்திரிகைகள் எழுதும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது, பிள்ளைகள் அதை நம்புகிறார்கள். இதன் பெறுமதி வேறிடத்தில் இருக்கிறது. ஒரு கரண்டி சீனியை எடுத்தாலும் கோடானுகோடி மூலக்கூறுகளின் சராசரியைத்தான் நாம் காண்கிறோம். இங்கே ஒன்றை மட்டும் பிடித்து, இப்போது நீ முறுகியிருக்கிறாயா, உன்னோடு இன்னொன்று வந்து சேர்ந்ததா என்று கேட்க முடிகிறது. ஒரு மூலக்கூறு வந்து பிணைந்ததும் ஓட்டம் மாறினால் அதுவே ஓர் உணரி. நோயறிய அது உதவும் நாளைத்தான் நான் ஆவலோடு பார்த்திருக்கிறேன்.

அந்த மாணவி அதோடு விடவில்லை. "இதில ஏதாவது எங்கட லாபில செய்யேலுமா டீச்சர்?"

செய்யலாம். மூலக்கூறை மாட்ட முடியாது, ஆனால் தங்கம் அறும் கடைசி நொடியைப் பார்க்கலாம். தங்கக் கம்பி மெலிந்து மெலிந்து ஓர் அணு அகலத்துக்கு வரும்போது அதன் கடத்துதிறன் தொடர்ச்சியாகக் குறையாமல் படிப்படியாக இறங்கும். இலத்திரன் ஏற்றத்தின் வர்க்கத்தை இரண்டால் பெருக்கி, பிளாங்கின் மாறிலியால் வகுத்தால் வரும் அளவுதான் ஒரு படி. தடையாகச் சொன்னால் 12,906 ஓம். அந்தக் கடைசி அணுவை 1998 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் படமே எடுத்தார்கள், முத்துக் கோத்தது போல வரிசையாக நிற்கும் தங்க அணுக்கள். அதைப் பார்க்கக் கோடி ரூபாய்க் கருவி வேண்டும். படியைப் பார்க்க இரண்டு தங்கக் கம்பிகள் போதும். ஒன்றையொன்று தொட்டபடி வைத்து மேசையைத் தட்டினால், விலகும் ஒவ்வொரு தடவையும் அந்த மெலிதல் நடக்கிறது. 1995 இல் ஸ்பெயினில் இப்படி மேசையைத் தட்டியே அளந்து காட்டியிருக்கிறார்கள்.

தங்கத்துக்கு எங்கள் தெருப் பத்தரிடம் போனேன். சொக்கத்தங்கம், கால் மில்லிமீற்றர் தடிப்பு, மொத்தம் நாலு சென்ரிமீற்றர் என்றேன். நிறுத்துப் பார்த்தால் 0.04 கிராமுக்கும் சற்றுக் குறைவு. "டீச்சர், இதில மூக்குத்திக்குத் திருகாணியும் செய்யேலாது" என்றபடி, துளைத்தகட்டில் ஒவ்வொரு துளையாக இழுத்து, இரண்டு துண்டு வெட்டித் தந்தார். எதற்கென்று கேட்டார். அறும்போது கடைசியாக ஓர் அணு நிற்கும், அதை அளக்க என்றேன். கம்பியை விளக்கடியில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். "பொன்தான் அப்பிடி கடைசிவரைக்கும் இழுபடும். வெள்ளியும் வரும், செம்பு அவ்வளவுக்கு வராது." நாற்பது வருடம் கம்பி இழுத்த கை.

ஒரு கம்பியைக் கட்டையில் இறுக்கினோம், மற்றதைப் பழைய இரும்புவாள் அலகின் நுனியில். தங்கத்தில் ஈயம் வைத்தால் தங்கத்தை ஈயம் தின்றுவிடும் என்று அப்பா எச்சரித்ததால் திருகாணிதான். ஒரு பென் டோர்ச் பற்றரி, தடைகளால் 100 மில்லிவோல்ற்றாகக் குறைத்தது, தொடரில் 1,000 ஓம் தடையொன்று, அதற்குக் குறுக்கே சின்ன டிஜிற்றல் ஒசிலோஸ்கோப். அப்பாவின் பழைய பெரிய ஸ்கோப்பில் கோடு கண்ணிமைக்குள் மறைந்துவிடும், இது பிடித்து வைத்துக்கொள்ளும். கணக்குப்படி ஒரு படியில் 7 மில்லிவோல்ற் வர வேண்டும், இரண்டு படியில் 13, மூன்று படியில் 19.

இரண்டு வெள்ளிக்கிழமை ஒன்றுமே வரவில்லை. கோடு மேலேயிருந்து நேரே விழுந்தது, அல்லது பல்லுப் பல்லாக அலைந்தது. மூன்றாவது வாரம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, கம்பி இரண்டையும் உற்றுப் பார்த்தார். "இதை யார் யார் கையால தொட்டவை?" எல்லோரும்தான். "வேர்வை, எண்ணெய், உப்பு. கழுவிப்போட்டு வாங்கோ பிள்ளையள்."

பத்தர் நகை கழுவும் பூந்திக்கொட்டையில் ஒரு பிடி வாங்கி வந்து, இளஞ்சுடு தண்ணீரில் ஊறவைத்து, நுரையில் கம்பிகளை அலசி, காய்ச்சி வடித்த நீரில் இரண்டு தரம் கழுவினோம். இடுக்கியால் மட்டும் தொட்டு இறுக்கினோம். அப்பா ஈர்க்கு கேட்டார். மாணவி ஓடிப்போய் லாப் விளக்குமாற்றிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தாள். அவர் மேசையைத் தட்டவில்லை, வாள் அலகின் அடியில், கம்பிக்கு மிகத் தள்ளி, ஒரு தட்டு.

திரையில் கோடு இறங்கி, 19 க்குக் கிட்ட ஒரு கணம் தயங்கி, 13 இல் நின்று, 7 இல் கொஞ்சம் கூடுதலாக நின்று, பூச்சியத்துக்கு விழுந்தது. முழுவதும் ஆயிரத்திலொரு நொடிக்கும் குறைவான நேரம். யாரும் பேசவில்லை. மாணவி திரைக்குக் கிட்டே போய் அந்த 7 இல் விரலை வைத்தாள். "இதில நிக்கிறது ஓர் அணுவா?" என்றாள். "ஓர் அணு" என்றேன். அப்பா ஸ்கோப்பைப் பார்க்கவில்லை, காதைச் சாய்த்து இன்னொரு முறை மெல்லத் தட்டினார், ஸ்பீக்கர் இருப்பது போல.

ஒரு தடவையை நம்பக்கூடாது என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகளே ஒரு கட்டத்தாளைச் சுவரில் ஒட்டி, கீழே 1 முதல் 25 வரை மில்லிவோல்ற் குறித்து, ஒவ்வொரு தட்டிலும் கோடு எங்கெங்கே நின்றதோ அந்தந்தப் பெட்டிக்கு மேலே ஒரு புள்ளடி போடத் தொடங்கினார்கள். நின்றது எங்கே என்று சண்டை வந்தால் மூன்று பேர் பார்த்து முடிவு. நேற்றுப் பின்னேரம் 84 ஆவது தட்டில் கரண்ட் போய்விட்டது. ஃபோன் வெளிச்சத்தில் சுவரைப் பார்த்தேன். 4, 5 க்கு மேலே அங்கொன்று இங்கொன்று. 10 க்கு மேலே வெறுமை. 13 க்கு மேலே ஒரு சின்ன மேடு. 7 க்கு மேலே புள்ளடிகள் கட்டத்தாளின் விளிம்பைத் தொட்டு, அதற்கு மேலே யாரோ இன்னொரு தாளை ஒட்டியிருந்தார்கள்.